பிரிமணை

எங்கள் ஊரில் கயிற்றை வட்டமாகச் சுற்றிக் கட்டி வைத்தால் அதற்குப் பெயர் பிரிமணை. மண்பானை, குண்டான் என்று அடி உருண்ட பாத்திரம் எதுவானாலும் ஆடாமல் உட்கார அதன் கீழே வைப்பது. வைக்கோல் பிரியில் செய்வார்கள். கிழிந்த சேலையை முறுக்கியும் செய்வார்கள். அகராதியில் புரிமணை என்று இருக்கும். புரி என்றால் முறுக்கு, முறுக்கிய கயிறு. ஊர் வாயில் அது பிரி ஆகிவிட்டது. இதே சாமானைத் தலையில் வைத்தால் சும்மாடு. கயிறு ஒன்றுதான், வைக்கிற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும்.

இதை வெள்ளைப் பருத்திக் கயிற்றில் சுற்றி, சுற்றுக்குச் சுற்று தைத்து, பத்துப் பன்னிரண்டு சுற்று மேலே ஏற்றிக் கிண்ணமாக்கி, சென்னையில் ஒரு கடையில் 'ரோப் பௌல்' என்று 1,200 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள். ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"உள்ள என்ன வச்சுக் குடுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை, வெறும் கிண்ணம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கயிறு எத்தினி முழம் புடிக்கும்?" என்றாள்.

உடையார்பாளையத்தை உ.வே.சா. வழியாகச் சிலர் அறிந்திருப்பார்கள். அவருடைய தந்தையாருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த கனம் கிருஷ்ணையர் இந்த ஜமீனின் வித்துவான். மற்றவர்களுக்கு இது திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் ஜெயங்கொண்டத்துக்கு முன்னால் வருகிற ஊர். இறங்கிப் பார்த்தால் இடிந்த அரண்மனை, பெரிய குளம், பயறணீஸ்வரர் கோயில், தெருத்தெருவாகத் தறி. அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மிளகு மூட்டையோடு வந்த வணிகன் ஒருவன் சுங்கத்துக்குப் பயந்து, மூட்டையில் இருப்பது பயறு என்று சொல்லிவிட்டானாம். ஊரைத் தாண்டி மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பயறு. அழுதுகொண்டே வந்து சிவனிடம் விழுந்தான், பயறு திரும்பவும் மிளகானது. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக இந்தக் கதையை எங்களுக்குச் சின்ன வயதில் சொன்னார்கள். விலைகளைப் பற்றிய கதையாகத்தான் எனக்கு இப்போது படுகிறது. ஒரு பொருளுக்கு வைக்கிற பெயர் அந்தப் பொருளையே மாற்றிவிடும் என்று அந்த வணிகனுக்குத் தெரியவந்தது. பிரிமணைக்கும் ரோப் பௌலுக்கும் நடுவில் இருப்பது அந்த மூட்டைதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பட்டு நெய்தவர். குழித்தறி. நூலும் சரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. அம்மா முப்பது வருஷம் ராட்டையில் தார் சுற்றினாள். தார் என்பது நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூல் சுற்றிய சின்னக் குழல். நெசவில் அப்பாவின் பெயர்தான் இருக்கும். ஆனால் தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். கூடவே ரவிக்கை தைப்பாள். கறுப்பு உஷா மெஷின், கால் மிதி. தெருவில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். அப்பா 2016-இல் போனார். தறிக்குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்ட் பூசினோம். அந்த இடம் மட்டும் இப்போதும் வேறு நிறத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குத் தெரியும்.

பிறகு அவள் கண்ணுக்கு வந்தது. சர்க்கரை பல வருஷம். விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிந்து வீங்கிவிட்டது. நடுப்பார்வைதான் போனது, ஓரப்பார்வை இருக்கிறது. "ஒரு ஆள நேராப் பாத்தா மூஞ்சி இருக்கிற எடத்துல சாம்பலக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. காது தெரியுது, தோள் தெரியுது" என்பாள். அதனால் யாராவது வாசலில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். தெரியாதவர்கள் கோபித்துக்கொண்டாள் என்று நினைப்பார்கள். கசிவை அடக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒன்று, பிறகு இடைவெளி கூடும். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது முழுசாக வருமா என்பதற்கு எந்த மருத்துவரும் சத்தியம் செய்துகொடுப்பதில்லை. நான் பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தது இதற்காகத்தான்.

ரவிக்கைத் தையல் நின்றது. அதுதான் பெரிய அடி. பணத்தால் அல்ல, அந்த வருமானம் இல்லாமலும் வீடு ஓடும். கையால்தான். அம்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருக்கும். முறுக்கி, பிரித்து, மறுபடியும் முறுக்கி. சாப்பிடும்போது சோற்றைத் தேடித் துழாவும் விரல்கள் அந்தத் தலைப்பில் மட்டும் தடுமாறாது. டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது என்பாள். "செத்த நேரம் ஏதாவது குடுடா, சும்மா இருக்க முடியல" என்று ஒருநாள் கேட்டாள். கீரை ஆய்ந்தாள், பூண்டு உரித்தாள். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் எவ்வளவு பூண்டுதான் உரிக்க முடியும்?

அப்படித்தான் 6 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு ஒரு கட்டு வந்து சேர்ந்தது.

இதைச் செய்ய இரண்டு வழிகள். ஒன்று தையல் மெஷின். வெளிநாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். கயிற்றின் முனையைச் சுருட்டி, அடுத்த சுற்றை ஒட்டி வைத்து, இரண்டு சுற்றும் சேர்கிற பள்ளத்தின் மேலே ஜிக்ஜாக் தையல். ஊசி ஒருமுறை இடப்பக்கக் கயிற்றில் இறங்கும், மறுமுறை வலப்பக்கக் கயிற்றில் இறங்கும். நூல் இரண்டையும் இழுத்துக் கட்டும். அடிவட்டம் வேண்டிய அளவு வந்ததும் அதைத் தூக்கி மெஷினின் உடம்பின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டே போனால் சுவர் தானாக எழும்பும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு செங்குத்து. அம்மாவின் உஷா நேர்த்தையல் மெஷின், அதன் ஊசிக்கு இடம் வலம் கிடையாது. இரண்டு கயிற்றுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில் இறங்கி, காற்றைத் தைத்துவிட்டு மேலே வரும். கடைத்தெருவில் சேலைக்கு ஓரம் அடிக்கிற பீக்கோ மெஷினில் ஜிக்ஜாக் உண்டு. அங்கே ஒரு கிண்ணம் தைத்துப் பார்த்தேன். 16-ஆம் நம்பர் ஊசி போட்டுக் கொடுத்த தையற்காரர், "என்ன சார், மாட்டுக்குத் தும்பு தைக்கிறீங்களா?" என்றார். நாற்பது நிமிஷத்தில் கிண்ணம் வந்துவிட்டது. அழகாகவே இருந்தது. ஆனால் ஓடுகிற ஊசிக்கு அருகில் அம்மாவின் விரலை விட முடியாது.

இன்னொரு வழி கை. மெத்தை தைக்கிற நீள ஊசி. நூலைப் புதுக்கயிற்றின் மேலாகச் சுற்றி, பழைய சுற்றின் சதைக்குள் குத்தி வெளியே எடுக்க வேண்டும். மறுபடி மேலாகச் சுற்றி, உள்ளே குத்தி. அவ்வளவுதான். மெஷினைவிடப் பழைய வழி இதுதான், மெஷின் இதைத்தான் காப்பியடிக்கிறது.

முதல் சுற்று கஷ்டம். கயிற்றின் முனையை ஒரு அங்குலம் மடித்து, அதைச் சுற்றி வளைக்கும்போது அது வளைய மறுக்கும், நடுவில் ஓட்டை விழும். நான் அதை விளக்க ஆரம்பித்தபோது அம்மா கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "கைமுறுக்குடா இது" என்றாள். தீபாவளிக்கு மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டம் போடுவாளே, அந்தக் கை. மூன்று சுற்று போட்டுவிட்டு நிறுத்தி, கயிற்றை நீவிப் பார்த்தாள். "இது திமிருது. எதிர்ச்சுத்து சுத்துறோம்" என்று எல்லாவற்றையும் பிரித்து, கிண்ணத்தை மறுபக்கம் சுற்ற ஆரம்பித்தாள்.

அது சரிதான். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிற்றுக்கு ஒரு திசை உண்டு. வலப்புரிக் கயிற்றைக் கடிகாரமுள் ஓடும் திசையில்தான் சுருட்ட வேண்டும் என்பது கப்பல்காரர்களின் பழைய விதி. எதிர்த்திசையில் சுருட்டினால் முறுக்கு பிதுங்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாக எழும்பும். நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். வைக்கோல் பழுதை திரித்த வீட்டில் பிறந்தவளுக்கு அது விரலிலேயே இருந்தது. பாம்பு என்று தாண்டவும் முடியாமல் பழுதை என்று மிதிக்கவும் முடியாமல் நிற்பதைப் பற்றிய பழமொழி இங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது பழுதை திரிக்கத் தெரிந்தவர்கள் தெருவில் மூன்று பேர் இருந்தால் அதிகம். அறுப்பு மெஷின் வைக்கோலைக் கசக்கிப் போட்டுவிடுகிறது, மிச்சத்தை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பிரி திரிக்க நீள வைக்கோல் வேண்டும்.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிவட்டத்தின் பரப்பைக் கயிற்றின் தடிமனால் வகுத்தால் நீளம் வந்துவிடும்: ஏறக்குறைய ஐந்தேகால் மீட்டர். 8 சென்டிமீட்டர் சுவருக்குப் பதின்மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 63 சென்டிமீட்டர், இன்னொரு எட்டேகால் மீட்டர். மொத்தம் பதின்மூன்றரை. அம்மா கேட்ட முழக்கணக்கில் முப்பதுக்குக் கொஞ்சம் குறைச்சல். இதைச் சொன்னதும் "முப்பதுன்னே வையி, வாய்க்கட்டு இருக்குல்ல" என்றாள்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிவட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட 38 மில்லிமீட்டர் நீளம். முதல் சுற்றுக்கும் அதே 38, கடைசிச் சுற்றுக்கும் அதே 38. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் கூடுவது மாறாது, கயிற்றின் தடிமன் மட்டும்தான் அதைத் தீர்மானிக்கிறது. அந்த 38-ஐக் கொடுத்துக்கொண்டே இருந்தால் தட்டு தட்டையாகவே விரியும். கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் விளிம்பு மேலே எழும்பும். தாராளமாகக் கொடுத்தால் அப்பளம் பொரிந்த மாதிரி நெளியும். கிண்ணத்தின் வடிவம் என்பது அந்த 38-இல் எவ்வளவு பிடித்தம் செய்தோம் என்பதன் பதிவு. அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. இடது கட்டைவிரலால் கயிற்றை அழுத்துவதிலேயே அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கும் சுருளுக்கும் பழைய உறவு. அரியலூர், பெரம்பலூர் இரண்டும் ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தவை. காரைப் பக்கம் செம்மண்ணும் வெண்மண்ணுமாக அரித்துப் போன வெளியில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனார்கள். அங்கே அம்மோனைட் கிடைக்கும், கல்லாகிப்போன கடலுயிரியின் சுருள் ஓடு. அந்த இனம் அழிந்து 6.6 கோடி ஆண்டாகிறது. கண்டகி ஆற்றில் எடுத்து நாம் பூஜையில் வைக்கிற சாளக்கிராமமும் இதே அம்மோனைட்தான். ஆனால் அந்தச் சுருளும் அம்மாவின் சுருளும் ஒரே ஜாதி இல்லை. அம்மோனைட் வளர வளர அதன் குழாயும் பருக்கும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போல இத்தனை மடங்கு என்று பெருகும். கயிறு பருக்காது. கொசுவத்திச் சுருள், கைமுறுக்கு, அம்மாவின் தட்டு எல்லாம் ஆர்க்கிமிடிஸ் வகை, சமமான இடைவெளியில் அடக்கமாக விரிபவை. உயிருள்ளது பெருக்கல் கணக்கிலும் கையால் செய்வது கூட்டல் கணக்கிலும் வளர்கிறது என்று ஒரு நண்பனிடம் சொன்னேன். "வேலை நேரத்துல இதெல்லாம் யோசிக்கிறியா?" என்றான்.

சுற்றித் தைக்கும் இந்த வேலை எங்கே தோன்றியது என்று தேடினால் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர முடியாது, எல்லா இடத்திலும் இருக்கிறது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் 1920-களில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தோண்டியபோது தானியக் குழிகள் கிடைத்தன. குழியின் உட்சுவர் முழுக்க வைக்கோலைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த கூடை. வயது சுமார் 7000 ஆண்டு. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சேர் ஞாபகம் வந்தது. காவிரிப் பக்கம் நெல்லைக் கொட்டிக்கொண்டே வைக்கோல் பிரியை வட்டவட்டமாகச் சுற்றி எழுப்புவார்களே, அந்தச் சேர். அவர்கள் மண்ணுக்கு உள்ளே இறக்கினார்கள், நாம் மண்ணுக்கு மேலே ஏற்றினோம். உள்ளே இருந்தது தானியம், வெளியே இருந்தது அந்தத் தானியத்தின் தாள். நெல்லை அதன் தாளிலேயே பொதிந்து வைப்பதில் ஒரு சிக்கனம் இருக்கிறது.

பீகாரின் மிதிலையில் சிக்கி என்று தங்க நிறப் புல். அதைச் சுற்றித் தைத்துப் பெட்டி, பொம்மை எல்லாம் செய்கிறார்கள், கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போவாள். அலகாபாத் அருகே நைனியில் மூஞ் புல்லில் இதே வேலை. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாக் கரையோரம் கறுப்பினப் பெண்கள் இனிப்புப் புல்லில் சுற்றுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதும் அவர்களைப் பிடித்துப் போனதற்கு ஒரு காரணம். வயலுக்கு முதலாளி வெள்ளைக்காரர், நெல் புடைக்கிற தட்டு மட்டும் அவர்களுடைய சுருள் தட்டு. நாம் மூங்கிலில் முறம் பின்னினோம், அவர்கள் புல்லில் முறம் சுற்றினார்கள். 1930-களிலிருந்து மவுண்ட் பிளசண்ட் என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டகை போட்டு விற்கிறார்கள். அடிமை வேலைக்குச் செய்த சாமான் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விலையும் அப்படித்தான். புல் வளர்ந்த கரையெல்லாம் இப்போது பங்களாவும் வேலியும், அதனால் புல்லுக்குப் பஞ்சம். இங்கே வைக்கோல் இல்லை, அங்கே புல் இல்லை.

அப்பா இருந்திருந்தால் இந்த வேலையை மதித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நெசவுக்காரனுக்குப் பாவும் ஊடையும் குறுக்கே போனால்தான் வேலை. அதற்குத் தறி வேண்டும், குழி வேண்டும், தெருவில் பாவு நீட்ட ஆறு பேர் வேண்டும், அச்சும் விழுதும் வேண்டும், அறுந்தால் புணை போடத் தெரிய வேண்டும். சுற்றுவதற்கு ஒரு ஊசி போதும். தரையில் உட்கார்ந்து யாரும் செய்யலாம். பெரிய கருவி வேண்டாத வேலையை ஊர் வேலையாகவே எண்ணாது. அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் தார் சுற்றினவளிடம் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கணக்கெடுப்புக்கு வந்தவர் கேட்டபோது, வாசலில் நின்று "வீட்டுலதான் இருக்கேன்" என்றாள். நான் அருகில்தான் இருந்தேன், எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தார் சுற்றிய கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அப்பாவின் பங்கு இதில் வேறு மாதிரி வந்தது. பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது கடைசியில் கைமுழம் அளவு நூல் நெய்ய முடியாமல் மிஞ்சும். அதை அறுத்துப் போடுவார்கள். அப்பா போட மாட்டார். பிஸ்கட் டின்களில் அடைத்து வைத்திருந்தார். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி. ஆறு டின். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரிந்திருக்காது. அம்மா அதில் நாலிழை சேர்த்து, மெழுகுவர்த்தி தேய்த்துத் தைக்கிறாள். வெள்ளைக் கயிற்றின் மேல் பட்டு நூல் சாய்வாக விழுந்து விழுந்து போகும்.

நூல் கோப்பதுதான் அவளால் முடியாதது. அடுத்த வீட்டுச் சித்தியின் மகள் ஏழாவது படிக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வந்து இருபது ஊசியில் நூல் கோத்து, பழைய தலையணையில் வரிசையாகக் குத்திவிட்டுப் போவாள். கூலி ஐந்து ரூபாய், அல்லது கடலை மிட்டாய், அவள் அன்றைய விருப்பம். அம்மா தலையணையைத் தடவி முதல் ஊசியை எடுப்பாள். தீர்ந்தால் அடுத்தது. ஆகவே எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்பது அந்தப் பிள்ளை அன்று எந்த டின்னைத் திறந்தாள் என்பதுதான். பரீட்சை வாரத்தில் ஒரு கிண்ணம் முழுக்க அரக்கிலேயே போனது, மற்ற டின்னைத் திறக்க அவளுக்கு நேரமில்லை.

தையலுக்குத் தையல் அம்மாவின் கட்டைவிரல் நகத்தின் அகலம் இடைவெளி. அளவுகோல் அதுதான். ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய 1,100 தையல். ஐந்து மணி நேரம். முதல் நாலு கிண்ணம் தெருவுக்குப் போனது. ஐந்தாவது கிண்ணத்தின் சுவர் தேங்காய் முறி போல ஒரே வளைவாக எழும்பியது. நான் மேஜைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மட்டம் வைத்த மாதிரி விளிம்பு. "எப்படியிருக்கு?" என்றாள். நல்லாருக்கும்மா என்றேன். "நல்லாருக்குன்னு எல்லாத்துக்கும்தான் சொல்லுவ. கோணுதா, கோணலயா?" கோணவில்லை. அவளே விரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். அன்று சேலைத் தலைப்பு முறுக்கப்படவில்லை என்பதை ராத்திரிதான் கவனித்தேன்.

ஒருநாள் கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு திருச்சியிலிருந்து வந்தோம். ஒரு கண்ணில் மூடி. படுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையணையைத் தேடி எடுத்தாள், படுக்க இல்லை. "அவங்க ஊசி போட்டாச்சு. இனி நம்ம ஊசியப் போடுவோம்." மருத்துவர் அன்று தைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததை நினைவூட்டினேன். "கண்ணால தைக்கக் கூடாதுன்னாரு" என்றாள்.

ஒரு கடைக்காரர் படம் பார்த்துவிட்டுக் கேட்டார், முன்பு நான் பார்த்த கடை இல்லை, வேறு. நாற்பது வேண்டும், கிண்ணத்துக்கு 350 தருகிறோம் என்றார். கயிறும் மற்றதும் 120 போக 230. ஐந்து மணி நேரத்துக்கு 230 என்றால் மணிக்கு 46, எட்டு மணிக்கு 368. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள்கூலி 319 ரூபாய். "ஏரி வெட்டுறதுக்கு மேல அம்பது ரூவா. நிழல்ல ஒக்காந்து. பரவால்ல" என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று படவில்லை. நான் ஒரு மணி நேரம் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு என்ன வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் பேசவில்லை.

பேசியது இன்னொன்றை. கடைக்காரர் மறுபடி அழைத்தார். நல்ல மனிதர்தான், குரலில் நிஜமான ஆர்வம் இருந்தது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சீட்டு கட்டலாம் என்றார். பார்வை இழந்த தாய் தன் விரல்களால் செய்தது என்று. அம்மா படம் ஒன்று. அப்படியானால் 600 தருவதாகச் சொன்னார். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டேன். 600-இல் 120 போக 480, மணிக்கு 96. அதில் பொய் எதுவும் இல்லையே. சீட்டில் இருப்பது அத்தனையும் உண்மை. மிளகு மூட்டையில் மிளகு என்றே எழுதுகிறோம்.

அம்மாவிடம் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, "கண்ணு நல்லாயிட்டா வெலயக் கொறைப்பாங்களா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஊசி போட்டுப் போட்டுப் பார்வை கொஞ்சம் திரும்பினால், அதே கையால் தைத்த அதே கிண்ணம் 350 ஆகிவிடுமா என்பது நியாயமான கேள்வி. அந்தச் சீட்டுக்குப் பணம் தருகிறவருக்கு அவள் கண் தேறாமல் இருப்பதுதான் லாபம். கண்ணுக்கு ஊசி போடப் போகிறவள் அந்தப் பக்கம் கையெழுத்துப் போட முடியாது.

"அப்புறம் நூல் கோத்துத் தர்ற புள்ள பேரையும் போடணும்ல. அவளுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு, அதுக்கு எவ்வளவு புடிப்பாங்க?"

சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறம் கலந்திருக்கும் விதத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதித் தாருங்கள், வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். ஏழாம் வகுப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஏதோ கலைப் பள்ளியின் வகுப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பேரம் 420-இல் நின்றது, அதுவும் நாற்பது இல்லை, இருபத்தைந்து. எல்லாம் ஒரே அளவில் வேண்டும் என்றதற்கு அம்மா, "ஒரே அளவுன்னா எவர்சில்வர் வாங்கிக்கச் சொல்லு" என்றாள். அதை நான் வேறு வார்த்தையில் சொன்னேன்.

இருபத்தைந்தில் பதினெட்டு முடிந்திருக்கிறது. போன பரிசோதனையில் வலது கண்ணில் வீக்கம் வடிந்திருப்பதாகச் சொன்னார்கள். பலகையில் இன்னொரு வரி படித்தாள். இடது கண் அப்படியே இருக்கிறது. அடுத்த ஊசி ஆறு வாரம் கழித்து.

சென்ற வாரம் சித்தி தானும் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். மூடிய தறிக்குழியின் சிமெண்ட் மேலே இரண்டு பேரும். சித்திக்கு அடிவட்டம் நன்றாகவே வந்தது, சுவர் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு தையலுக்கும் கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தூக்கித் தூக்கிப் பாக்காதடி. ஒவ்வொரு தடவயும் புடி மாறுது பாரு."

"பாக்காம எப்பிடிக்கா?"

"கண்ண மூடிக்க."

சித்தி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். ஒரு தையல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் ஊசி விரலில் ஏறி, "ஐயோ அக்கா" என்று கையை உதறினாள்.

"மஞ்சள் அஞ்சறைப்பெட்டியில எடதுபக்கம் ரெண்டாவது கிண்ணி" என்றாள் அம்மா, தைத்துக்கொண்டே.